ஊசிமுனை அளவு

பாசி கழுவும் இயந்திரத்தின் குரல் மாறியது. அதுவரை ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது, தொண்டையில் எலும்பு சிக்கிய நாய்போல விட்டு விட்டுக் கத்தத் தொடங்கியது. இளையவள் விசையிலிருந்து விரலை எடுத்தாள். முனையிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான். தண்ணீரை யார் நிறுத்தியது என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் பார்த்தாள். முற்றத்தின் மறுகோடியில், சுவரோரக் குழாயடியில் மூத்தவள் குனிந்து நின்றிருந்தாள். இயந்திரத்துக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டுத் தன் வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்திருந்தாள். வாளிக்குள் புதுத் துணி. தைப்பதற்கு முன்னால் துணியை ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிடுவது அவள் வழக்கம். தைத்துக் கொடுத்த பிறகு சுருங்கினால் பேர் கெட்டுவிடும்.

தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப் போய்விடும் என்பதால் இளையவள் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டிருக்கலாம். கூப்பிடு தூரம்கூட இல்லை, முணுமுணுத்தாலே கேட்கும். கேட்கவில்லை. மூத்தவளும் சொல்லவில்லை. வாளி நிறைந்ததும் ஹோஸை மறுபடி மாட்டி, ஒன்றுக்கு இரண்டு முறை திருகிப் பார்த்து, குழாயைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். மாட்டியதில் குறை சொல்ல முடியாது. ஒரு சொட்டு கசியவில்லை.

ஒரே வீடு, இரண்டு வாசல். அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள். அறைகளைப் பிரித்தார்கள், மொட்டைமாடியைப் பிரித்தார்கள். முன்முற்றம் பொதுவில் இருக்கட்டும் என்று விட்டார்கள். தண்ணீர்க் குழாய் அண்ணன் பக்கச் சுவரில் இருந்தது. மின்சாரப் பெட்டி தம்பி பக்கச் சுவரில். அப்போது அது யாருக்கும் ஒரு விஷயமாகப் படவில்லை. ஓரகத்திகள் இருவரும் பேச்சை நிறுத்திய பிறகுதான் படத் தொடங்கியது. முற்றத்தின் நடுவில் சாக்கடை மூடி ஒன்று இருக்கிறது. இவள் துடைப்பம் இந்தப் பக்கத்திலிருந்து அதுவரை வரும். அவள் துடைப்பம் அந்தப் பக்கத்திலிருந்து அதுவரை வரும். மூடியின் மேல் கிடக்கும் குப்பை காற்று வந்தால் போகும், இல்லாவிட்டால் கிடக்கும். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்றால் இருவரும் காற்றிடம் சொன்னார்கள். “யாரோ கேட்ட தெறந்து போட்டுட்டுப் போயிருக்காங்க” என்று மூத்தவள் கேட்டைப் பார்த்துச் சொல்வாள். “கேட்ட மூடினா தாழ்ப்பாள் தேஞ்சா போயிடும்” என்று இளையவள் துணிக்கொடியிடம் சொல்வாள். காற்றால் முடியாத சங்கதிகளை அண்ணனும் தம்பியும் சுமந்தார்கள். அண்ணன் சரக்கு வண்டி ஓட்டினார், தம்பி அதே வண்டியில் சரக்கு ஏற்றி இறக்கினான். காலையில் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் முற்றத்தில் நின்று பெண்டாட்டிமார் சொன்னதைக் கைமாற்றிக்கொள்வார்கள், பிரித்துப் படிக்காத தபால்போல. இன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் நடந்தது. பாசியைக் கழுவ மெஷின் வந்திருக்கிறது, குழாய் வேண்டும் என்று தம்பி சொன்னான். அண்ணன் உள்ளே போய்விட்டு வந்து, “எடுத்துக்கச் சொன்னா” என்றார்.

பேச்சு நின்றதற்குச் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. இளையவள் வீட்டு முன்னறைக்குப் புது ஜன்னல் வைத்தபோது மூத்தவள் தானாகவே திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள். ஊருக்கெல்லாம் தைக்கிறவள், வீட்டுக்குத் தைக்க மாட்டாளா என்று. திரை ஒரு சாண் நீளமாகிவிட்டது. தரையில் புரண்டது. இளையவள் அதைச் சொல்லாமல் சுருட்டிப் பையில் போட்டு, தெருமுனைத் தையற்கடையில் குட்டையாக்கக் கொடுத்தாள். மூத்தவள் நூல் வாங்க அங்கே போன நேரத்தில் அந்தக் கடைக்காரன் அவள் அடித்த ஓரத்தைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தான். நூலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டையாகி அன்றைக்கே தீர்ந்திருக்கும். கேட்காததால் தீரவில்லை.

இளையவள் இயந்திரத்தைப் போட்டாள். கருவிகள் வாடகைக்கு விடும் கடையில் அவள் கவுண்டரில் இருக்கிறாள். துளைபோடும் மெஷின், ஏணி, தரை தேய்க்கும் மெஷின், இது. வாடகைக்குக் கொடுக்கும்போது சொல்ல வேண்டியதை முதலாளி சேர்ந்த புதிதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் அதை மூச்சு விடாமல் சொல்வாள். மூடின ஷூ போட்டுக்கங்க, கண்ணாடி போட்டுக்கங்க, இந்தச் சிவப்பு முனை கத்தி மாதிரி, அதை மாட்டவே மாட்டாதீங்க, அகல முனைய மாட்டி தள்ளி நின்னு ஆரம்பிங்க, போகப்போகக் கிட்ட கொண்டு போங்க, ஒரே எடத்துல புடிச்சா சிமெண்டே பேந்துரும், ஆள் மேல, நாய் மேல, ஜன்னல் மேல காட்டாதீங்க, வேலை முடிஞ்சா சுவிட்ச், அப்புறம் குழாய், அப்புறம் விசைய ஒருமுறை அழுத்தி உள்ள இருக்கிற அழுத்தத்த வெளிய விட்டுட்டுத்தான் எதையும் கழட்டணும், எடுக்கிறதுக்கு முன்னாடி ஹோஸ தடவிப் பாருங்க, மூலை முடுக்குல உரச விடாதீங்க, ஓட்டை இருந்தா கையால தேடாதீங்க, தோல்ல பட்டா ஊசிமுனை அளவுதான் தெரியும், சின்னதுன்னு நெனச்சுறாதீங்க, அந்த நிமிஷமே டாக்டர்கிட்ட போயிடுங்க. கேட்பவர்கள் தலையாட்டிக்கொண்டே வண்டியில் ஏற்றுவார்கள். அவளும் அதற்குள் அடுத்த ஆளைப் பார்த்துவிடுவாள். பஸ்ஸில் நிறுத்தங்களின் பேரைச் சொல்லும் குரலைப் போல அது அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்ததே தவிர, அவள் அதைக் கேட்டதில்லை.

ஊருக்குத்தான் உபதேசம். இன்றைக்கு அவள் காலில் ரப்பர் செருப்பு. கண்ணில் ஒன்றுமில்லை. அகல முனையை மாட்டியது மட்டும் சரி. இயந்திரத்திலிருந்து முனைக்குப் போகும் ஹோஸைத் தடவிப் பார்க்கவில்லை. நேற்று மாலை யாரோ திருப்பிக் கொண்டுவந்து போட்டது. மடிப்பில் ஓரிடத்தில் கறுப்புத் தோல் தேய்ந்து உள்ளே பின்னல் தெரிந்ததைப் பார்த்தாள். பார்த்ததை மனதில் வாங்கவில்லை. வீட்டில்தானே, அரைநாள் வேலைதானே.

வேலை பிடித்திருந்தது. மழைக்காலம் முடிந்து முற்றம் முழுக்கப் பாசி. கால் வைத்தால் வழுக்கும். முனையிலிருந்து தண்ணீர் விசிறியாக விரிந்து பட்ட இடத்தில் பச்சை உரிந்து அடியிலிருந்து வெளிர்ச் சாம்பல் வந்தது. ஒரு பட்டை அடித்துவிட்டு அதன் ஓரத்தில் கொஞ்சம் ஏறினாற்போல அடுத்த பட்டை. நடுவில் இடைவெளி விட்டு அடித்தால் புலித்தோல் மாதிரி ஆகிவிடும். தன் வாசலில் தொடங்கி சாக்கடை மூடி வரை வந்துவிட்டாள். அங்கே நின்றாள். இந்தப் பக்கம் பளிச்சென்று, அந்தப் பக்கம் பச்சையாக, நடுவில் கோடு கிழித்ததுபோல இருந்தது. இத்தனை நாளும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்தது. தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும். மூத்தவளைத் தேடி வருகிறவர்கள் பாசியில் நடந்துதான் வர வேண்டும். அவர்கள் என்ன கேட்பார்கள் என்று இளையவள் யோசித்தாள். மூத்தவள் என்ன நினைத்துக்கொள்வாள் என்றும் யோசித்தாள். கழுவாமல் விட்டால் குத்திக்காட்டியதாக ஆகும். கழுவினால், உன் அழுக்கை நான் கழுவினேன் என்று ஆகும். கேட்டுக்குப் போகும் வழி பொது, அதை மட்டும் கழுவுவோம் என்று முடிவு செய்தாள். கேட் மூத்தவள் பக்கக் கோடியில் இருந்தது. ஹோஸை இழுத்துக்கொண்டு போனாள். அது மூத்தவள் வாசல்படியின் சிமெண்ட் முனையைச் சுற்றிக்கொண்டு விறைப்பாக நின்றது. இன்னும் இரண்டடி வேண்டும். இழுத்தாள். வந்தது.

மூத்தவள் வாசலுக்கு மேலே கொடியில் தைத்து முடித்த திரைகள் தொங்கின. ஏதோ ஒரு மண்டபத்துக்கானவை. பளபளப்பான, தண்ணீர் பட்டால் வட்டம் வட்டமாகக் கறை காட்டும் துணி. இளையவள் அவற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கேட் ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தாள். இயந்திரச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. திரும்பியது தற்செயல்தான். வாசல்படி முனையில், ஹோஸிலிருந்து வெள்ளையாகப் புகைபோல ஒன்று மேலே கிளம்பித் திரைகளின் மேல் படிந்துகொண்டிருந்தது. மூத்தவள் படியில் மண்டியிட்டிருந்தாள். நிறுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. தோட்டக் குழாயில் ஓட்டை விழுந்தால் எல்லோரும் செய்வதைச் செய்தாள். இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டி, புகை கிளம்பும் இடத்தில் வைத்து அழுத்தினாள்.

கை தீயில் பட்டதுபோலத் தெறித்துத் திரும்பியது.

இளையவள் விசையை விட்டாள். சுவிட்சை நோக்கி ஓடினாள். திரும்பி வந்தபோது மூத்தவள் எழுந்து நின்று விரலை உதறிக்கொண்டிருந்தாள். ஒருமுறை வாயில் வைத்துச் சப்பினாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கொடியைப் பார்த்து, “துணி போச்சு” என்று துணியிடமே சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷினின் மோட்டார் சத்தம் கேட்டது.

இளையவள் ஹோஸைப் பார்த்தாள். தேய்ந்த இடமும் படியின் முனையும் ஒன்றோடொன்று உரசியிருந்தன. துளை கண்ணுக்குத் தெரியவில்லை. குழாயை மூடினாள். விசையை அழுத்தி உள்ளே தங்கியிருந்ததை வெளியே விட்டாள். அப்போது அவள் குரல் அவள் காதில் விழுந்தது, கவுண்டரில் பேசுகிற குரல். ஊசிமுனை அளவுதான் தெரியும், சின்னதுன்னு நெனச்சுறாதீங்க. அதற்குமேல் என்ன ஆகும் என்பதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை. விரலுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும், தண்ணீர்தானே. ஆனால் அந்தப் படியில் கிடந்த அழுக்கு, ஹோஸுக்குள் ஊறிய ரப்பர், எவனோ சோப்பு ஊற்றி ஓட்டியிருந்தால் அந்த மிச்சம், எல்லாம் சேர்ந்தா போயிருக்கும்? அந்த விரலில்தான் மூத்தவள் துணியைப் பிடித்து ஊசிக்கு ஓட்டுகிறாள். அது இல்லாவிட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது என்று இளையவள் எண்ணிப் பார்த்தாள். மனதில் எதுவும் வரவில்லை.

கதவைத் தட்டினாள். மோட்டார் நிற்கவில்லை. மறுபடி தட்டினாள்.

“தெறந்துதான் இருக்கு.”

உள்ளே போய் வெகுநாளாகிவிட்டது. மேசையை இடம் மாற்றியிருந்தாள். மூத்தவள் தலையை நிமிர்த்தாமல் தைத்துக்கொண்டிருந்தாள். விரலில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றியிருந்தாள்.

“அக்கா.”

சொல்லிவிட்டாள். நினைத்த அளவு கடினமாக இல்லை. சொன்ன பிறகுதான் கடினமாக இருந்தது.

“என்ன?”

“வெரல காட்டுங்க.”

“எதுக்கு? ஜோசியம் பார்க்கவா?”

“அந்த மெஷின் தண்ணி சும்மா இல்லக்கா. தோல்ல பட்டா உள்ள போயிடும். சின்ன புள்ளியாதான் தெரியும், ஆனா உடனே டாக்டர்கிட்ட...”

“கடையில பேசுற மாதிரியே பேசுற.” மூத்தவள் துணியைத் திருப்பி வைத்தாள். “ஊசி குத்தாத நாளே கெடையாது எனக்கு. ஒரு தடவை நகத்துல ஏறி அந்தப் பக்கம் வந்துச்சு. புடுங்கிப் போட்டுட்டு மிச்சத்த தச்சு முடிச்சேன். ரத்தம்கூட வரல இதுல. பாரு.”

துணியைப் பிரித்துக் காட்டினாள். விரலின் சதையில் ஒரு புள்ளி. பேனா முனையால் வைத்தது போல. ரத்தம் இல்லைதான்.

“வலிக்குதா?”

“வலிச்சா சொல்ல மாட்டேனா?”

சொல்ல மாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

“டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு...”

“ஏன், தெருமுனைத் தையக்கடைக்காரன்கிட்ட காட்டேன். அவன்தான் எல்லாத்தையும் நல்லாப் பிரிச்சுத் தைப்பான்.” மோட்டார் மறுபடி ஓடியது. பேச்சு முடிந்தது என்று அதற்குப் பொருள்.

இளையவள் வெளியே வந்து கணவனுக்குப் போன் போட்டாள். வண்டிச் சத்தத்துக்கு நடுவில் அவன், “அண்ணிக்கு எல்லாம் தெரியும், நீ விடு” என்றான். “நீயா போய்ப் பேசினியா?” என்றும் கேட்டான், குரலில் ஆச்சரியத்தோடு. பக்கத்தில் அண்ணன் என்ன என்று கேட்டது காதில் விழுந்தது. “ஒண்ணுமில்லண்ணே, ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களாம்” என்றான் தம்பி. அவர்களுக்கு அதுதான் சேதி.

பிறகு முதலாளிக்குப் போட்டாள். ஹோஸ் தேய்ந்திருந்ததைச் சொன்னாள். விரலை வைத்து அழுத்தியதைச் சொன்னாள். முதலாளி எதற்கெடுத்தாலும் ஜோக் அடிக்கிற மனிதர். இப்போது அடிக்கவில்லை.

“அந்தப் பொண்ணு எங்க இப்ப?”

“தச்சிட்டிருக்காங்க சார்.”

“தைக்குதா? நீ தெனமும் கவுண்டர்ல சொல்றியே, அது என்ன, கடைக்கு அழகுக்குன்னு நெனச்சியா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் ரெண்டு நாள் கழிச்சுப் போனான். பாதி வெரலோட வந்தான். தூக்கிட்டுப் போ. காலைப் புடிச்சு இழுத்துட்டுப் போ. போன வை.”

இளையவள் மூத்தவள் வாசலைப் பார்த்தாள். மோட்டார் சத்தம் வந்துகொண்டிருந்தது. நின்று நின்று, தயங்கித் தயங்கி. மூத்தவள் தைத்தால் அப்படிக் கேட்காது, ஒரே ஓட்டமாகத்தான் கேட்கும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அவள் எத்தனையோ மதியங்கள் அதைக் கேட்டிருக்கிறாள். மறுபடி போய்க் கெஞ்சினால் மறுபடி ஒரு குத்தல் வரும். அவளும் ஏதாவது சொல்லிவிடுவாள். மின்சாரப் பெட்டிக்குப் போனாள். உள்ளே இரண்டு சுவிட்ச். வலப்பக்கம் இருந்ததைக் கீழே தள்ளினாள்.

மோட்டார் நின்றது. மின்விசிறி சுற்றி ஓய்கிற சத்தம் கேட்டது. மூத்தவள் வாசலுக்கு வரவில்லை. வந்து காற்றிடம் நாலு வார்த்தை சொல்வாள் என்று இளையவள் எதிர்பார்த்திருந்தாள். வராதது பயமாக இருந்தது. உள்ளே போனாள்.

மூத்தவள் மெஷினுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இடதுகை மேசைமேல் கிடந்தது, தன்னுடையது அல்லாத ஒரு பொருளைப் போல. சுற்றியிருந்த துணி இறுகிவிட்டது. விரல் இரண்டு விரல் கனத்துக்கு வீங்கி, நகத்தைச் சுற்றி வெளுத்து, உள்ளங்கை வரை விறைத்திருந்தது. தைத்த துணியில் தையல் கோடு ஓரத்தை விட்டு விலகி நடுவுக்கு வந்திருந்தது.

“கரண்ட்ட நீதான் புடுங்கினியா?”

“ஆமா.”

“நல்லா இரு.” விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “மடக்க வரல. துணி தட்டுப்படல. மரத்துப் போச்சுடி.”

கடைசி எழுத்தை இருவரும் கேட்டார்கள். இளையவள் துணிச் சுற்றைக் கத்தரித்து எடுத்தாள், கையை மார்போடு மடித்துத் துண்டால் தோளில் கட்டினாள். மூத்தவள் எழுந்து, கதவைப் பூட்டச் சொல்லி, பூட்டியதை இழுத்துப் பார்க்கச் சொல்லி, இழுத்துப் பார்த்த பிறகுதான் கேட்டைத் தாண்டினாள். தெருமுனையில் டாக்சி கிடைத்தது.

ஓட்டுநர் கண்ணாடியில் இருவரையும் பார்த்தான். “அக்கா தங்கச்சிங்களா?”

“ரோட்டப் பாத்து ஓட்டு” என்றாள் மூத்தவள்.

கொஞ்சதூரம் போன பிறகு, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டாள். “எத்தனை நீளம் இருந்துச்சு?”

எது என்று இளையவள் கேட்கவில்லை. “ஒரு சாண்.”

“ஒரு சாணா? நான் அளந்தனே.”

“பழைய ஜன்னல் அளவு அது. புதுசு வச்சப்ப உயரத்தக் குறைச்சுட்டாங்க, கம்பி எறங்கிப்போச்சு.”

“சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“சொன்னா நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுப்பீங்க.”

“இப்ப மட்டும் என்ன, எறக்கியா வச்சிருந்தேன்?”

ஓட்டுநர் சிரித்துவிட்டான். மூத்தவள் அவன் பின்மண்டையை முறைத்தாள். இளையவள் வெளியே பார்த்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். வலி அப்போதுதான் தொடங்கியிருந்தது. தொடங்கிய உடனே அது சிறிதாக இல்லை. கட்டிய கையின் முழங்கையை இளையவள் அடியில் தாங்கிக்கொண்டாள். மூத்தவள் விலக்கவில்லை. சிக்னல் விழுந்த பிறகும் அப்படியே இருந்தாள்.

மருத்துவமனையில் நாற்காலி வரிசையில் உட்காரச் சொன்னார்கள். முன்னால் பத்துப் பேர் இருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் விரலை எட்டிப் பார்த்தாள், காயம் எங்கே என்று தேடினாள். இளையவள் கவுண்டர்க் குரலில் சொன்னாள்: “ஹை பிரஷர் தண்ணி. தோலத் துளைச்சு உள்ள போயிருக்கு. வெளிய பார்த்தாத் தெரியாது.” அந்தப் பெண்ணுக்கும் ஒரு கவுண்டர் இருந்தது, அந்தக் குரல் புரிந்ததோ என்னவோ, எழுந்து உள்ளே போனாள். டாக்டரே வெளியே வந்தார். வயது குறைந்தவர். விரலைத் தொடாமல் குனிந்து பார்த்தார். நகத்தின் நிறத்தைப் பார்த்தார். நுனியை லேசாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். மூத்தவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“எப்ப ஆச்சு?”

“காலையில.”

“இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?”

இளையவள் சொன்னாள். “ஹோஸ் தேஞ்சிருந்துச்சு டாக்டர். எடுக்கிறப்பவே பார்த்தேன். பார்த்துட்டும் மாட்டினேன்.”

“அதை அவர் கேக்கல” என்றாள் மூத்தவள். “கையை வச்சது நான். ஒரு வார்த்தை கத்தியிருந்தா நிறுத்தியிருப்பா. கத்தல. அதான் நேரமாச்சு. எழுதிக்கங்க.”

டாக்டர் எழுதிக்கொள்ளவில்லை. உள்ளே போன தண்ணீர் வந்த வழியாகத் திரும்ப வராது, விரல் நெடுகப் பரவியிருக்கும், திறந்து கழுவ வேண்டும், இப்போதே, என்றார். மூத்தவள் பிழைப்பு என்ன என்று கேட்டார். இளையவள் சொன்னாள். அவர் மறுபடி ஒருமுறை விரலைப் பார்த்தார்.

“வெரல் இருக்குமா?” என்று மூத்தவள் கேட்டாள்.

“தெறந்து பார்த்தாத்தான் தெரியும். இருந்தாலும் பழைய மாதிரி மடங்குமா, தொட்டாத் தெரியுமான்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது.”

“சரி” என்றாள் மூத்தவள். துணி சுருங்குமா என்று கேட்டு, சுருங்கும் என்று கடைக்காரன் சொன்னால் அவள் எப்படிச் சரி என்பாளோ அப்படி.

தள்ளுபடுக்கை வந்தது. நர்ஸ் ஒருத்தி பச்சை அங்கியை மாட்டிவிட்டாள், முதுகுப்பக்கம் முடிச்சுப் போடும் வேலையை இளையவளிடம் விட்டுவிட்டு எதையோ எடுக்கப் போனாள். நாடாக்கள் தேய்ந்து பிரிந்திருந்தன. இளையவள் ஒவ்வொன்றாகக் கட்டினாள். மூத்தவளின் முதுகை அவள் பார்த்ததில்லை. நடுவில் ஒரு பழைய அம்மைத் தழும்பு இருந்தது. குனிந்து குனிந்து தைத்ததில் கழுத்துக்குக் கீழே எலும்பு ஒன்று புடைத்திருந்தது.

“அந்தத் திரையெல்லாம் ஈரத்தோட கெடக்கு” என்று மூத்தவள் முன்னால் பார்த்தபடி சொன்னாள். “போய் நெழல்ல விரிச்சுப் போடு. மடிக்காத. உனக்கு மடிக்கத் தெரியாது.”

“சரிக்கா.”

“ரெண்டுக்கு இன்னும் ஓரம் அடிக்கல. நாளைக்குக் கேட்டு வருவாங்க.” அங்கியின் ஓரத் தையலை வலதுகை விரலால் தடவினாள். “அந்தத் தெருமுனைக்காரன்கிட்டயே குடு. நல்லாத்தான் அடிப்பான்.”

இளையவள் கடைசி நாடாவை இறுக்கினாள். “வந்தவங்கள நான் நிக்கச் சொல்றேன். நீங்க வந்து என்னன்னு சொல்லுங்க.”

“எத்தனை நாள் நிப்பாங்க?”

நர்ஸ் வந்துவிட்டாள். படுக்கையில் ஏறிக்கொள்ளும்போது மூத்தவள் செருப்பைக் கழற்றிவிட்டாள், ஒன்று இங்கே, ஒன்று சக்கரத்துக்கு அந்தப் பக்கம். படுக்கை நகர்ந்தது. கதவு இரண்டு பக்கமும் ஆடி, ஆட்டம் குறைந்து, நின்றது.

அண்ணனுக்குப் போன் போனது, எடுக்கவில்லை. தம்பிக்குப் போனது, வண்டி ஊருக்கு வெளியே இருந்தது, திரும்பிக்கொண்டிருக்கிறோம் என்றான். இந்தமுறை வேறொன்றும் கேட்கவில்லை. இளையவள் செருப்புகளைத் தேடி எடுத்தாள். வைக்கப் பை எதுவும் கொண்டுவரவில்லை. நாற்காலிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். போகிறவர் வருகிறவர் காலில் இடறியது. எடுத்துக்கொண்டாள்.

தரை துடைக்கிற பெண் நடைக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அகலத் துடைப்பானை இடமும் வலமுமாகத் தள்ளி, ஈரத்தைப் பின்னால் விட்டுக்கொண்டே வந்தாள். நாற்காலி வரிசையில் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கி இறக்கினார்கள்.

“காலத் தூக்கிக்கம்மா.”

இளையவள் இரண்டு கால்களையும் உயரத் தூக்கிக்கொண்டாள். மடியில் மூத்தவளின் செருப்புகள் இருந்தன, அடிப்பக்கம் கீழாக, ஒன்றோடொன்று ஒட்டி. குதிகால் பட்ட இடம் இரண்டிலும் பள்ளமாகியிருந்தது. துடைப்பான் அடியில் போய்த் திரும்பி வந்து, அடுத்த நாற்காலிக்குப் போய், நடைக்கூடத்தின் திருப்பத்தில் மறைந்தது. தரை காய்ந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் காலை இறக்கவில்லை.